பெருவீரனின் பிற்காலம்: முரளிதரனும் கொச்சி அணியும்

திருகோணமலைத் துறைமுகம் கண்ட போர்க்கப்பல்கள் பல. அவற்றுள் ஒன்று 'வார்ஸ்பைட்' என்னும் பிரித்தானியக் கப்பல். 1916ஆம் ஆண்டு யூட்லாந்துக் கடற்சமரில் குண்டடிபட்டும் மூழ்காது மீண்ட கப்பல் அது. 1940இல் நோர்வே நாட்டு நார்விக்கிலும், 1941இல் கிரேக்க நாட்டை அடுத்த மட்டப்பான் முனையிலும் வெற்றி கண்டது. அத்துணைப் புகழ் வாய்ந்த கப்பல் 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கீழைத்தேயக் கடற்படையுடன் சேர்வதற்காகத் திருகோணமலைக்கு வந்தது. தளபதி சேர் ஜேம்ஸ் சமர்வில் அதனையே தமது கொடிக்கப்பலாகக் கொண்டார்.

அடுத்த மாதத்திலேயே யப்பானியக் கடற்படை இந்துமாக்கடலுட் புகுந்தது. ஏப்பிரல் 5ஆம் நாள் கொழும்பும், 9ஆம் நாள் திருகோணமலையும் வானிலிருந்து தாக்கப்பட்டன. ஆயினும் வார்ஸ்பைட் பகைவரை நேருக்கு நேர் சந்திக்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டு காலம் கீழைக் கடல்களில் உலாவியும் அதன் பெரும் பீரங்கிகள் பேர்சொல்லத்தக்க வெற்றி எதனையும் ஈட்டித் தரவில்லை. ஆனால் அதே கப்பல் 1943இல் இத்தாலியின் சலேர்ணோக் கரையிலும், 1944இல் பிரான்சின் நோர்மண்டிக் கரையிலும் மீண்டும் தன் ஆற்றலைக் காட்டியது. கீழைக் கடல்களிற் கழிந்த அந்த ஓராண்டை மட்டும் வைத்து அக்கப்பலை மதிப்பிடுதல் தகுமா?

இதே வினா மனிதர் வாழ்விலும் எழுகின்றது. ஒரு துறையில் ஈடிணையற்று விளங்கியவர், வயதேறிய பின் புதியதோர் அணியிற் சேருகிறார். பெருந்தொகை கொடுத்து அவரை அழைக்கின்றனர். ஊர் முழுவதும் எதிர்பார்த்து நிற்கின்றது. ஆனால் கைகூடியதோ சிறிதே. விளையாட்டுலகில் இது பலமுறை நிகழ்ந்துள்ளது. அவற்றுள் தமிழர்க்கு மிக அண்மையிலுள்ள நிகழ்ச்சி, முத்தையா முரளிதரன் 2011ஆம் ஆண்டு கொச்சி அணிக்காக ஆடிய ஒரு பருவமாகும். அவர் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இப்பகுதியைக் கடந்து சென்றுவிடுவர். அதனையே சற்று நின்று நோக்குவது பயனுடைத்து.

முரளிதரன் 1972ஆம் ஆண்டு ஏப்பிரல் 17ஆம் நாள் கண்டியிற் பிறந்தார். அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் உழைப்பதற்காக இலங்கைக்கு வந்தவர். பாட்டனார் பின்னர் தாயகம் திரும்பினார். தந்தையார் இந்நாட்டிலேயே தங்கிப் பிசுக்கோத்துத் தொழிலை நடத்தினார். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் முரளிதரன் கல்வி பயின்றார். முதலில் அவர் மிதவேகப் பந்து வீச்சாளராகவே இருந்தார். ஏறத்தாழ 14 வயதில், பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோவின் அறிவுரைப்படி சுழற்பந்து வீச்சுக்கு மாறினார். அந்த மாற்றம் துடுப்பாட்ட வரலாற்றையே மாற்றிவிட்டது.

வலக்கைத் துடுப்பாட்டக்காரருக்கு வெளியிலிருந்து உள்நோக்கித் திரும்பும் பந்தை வீசுபவர் பலர். அவர்கள் பெரும்பாலும் விரல்களாலேயே பந்தைச் சுழற்றுவர். முரளிதரனோ மணிக்கட்டின் வலிமையையும் சேர்த்துச் சுழற்றினார். ஆகவே, மற்றையோர் பந்து திரும்பாத வறண்ட கடுந்தரையிலும் அவர் பந்து திரும்பிற்று. பிற்காலத்தில் எதிர்த்திசையில் விலகிச் செல்லும் 'தூஸ்ரா' என்னும் பந்தையும் அவர் கைவரப் பெற்றார். 1992ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், கொழும்பு கெத்தாராம மைதானத்தில், அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தமது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடினார்.

புகழ் எளிதில் வரவில்லை. 1995ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் மெல்பேண் நகரில், பல்லாயிரம் மக்கள் பார்த்திருக்க, நடுவர் டரல் ஹெயர் முரளிதரன் வீசிய பந்துகளுள் 7 முறையற்றவை என அறிவித்தார். முழங்கையை மடித்து நீட்டிப் பந்தை எறிகிறார் என்பதே குற்றச்சாட்டு. பந்து வீச்சாளர் ஒருவருக்கு இதனிலும் பெரிய இழுக்கு இல்லை. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவருக்குத் துணை நின்றார். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவர் கை ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. பிறவியிலேயே முழங்கை முற்றாக நிமிராத அமைப்புடையது என்பதும், எறிவது போன்ற தோற்றம் அதனாலேயே உண்டாகின்றது என்பதும் அறியப்பட்டன. எனினும் 1999இல் அடிலெயிட் நகரில் அதே குற்றச்சாட்டு மீண்டும் எழுந்தது. 2004இல் தூஸ்ராப் பந்தைக் குறித்தும் ஐயம் கிளம்பிற்று. அவ்வாண்டு முழங்கை அசையாதவாறு கவசம் பூட்டிக்கொண்டு, ஒளிப்படக் கருவியின் முன்னிலையில், தமது பந்துகள் அனைத்தையும் வீசிக் காட்டினார். பந்து வீச்சாளர் அனைவர்க்கும் முழங்கை 15 பாகை வரை நீளலாம் என்னும் விதி 2005 முதல் நடைமுறைக்கு வந்தது.

இத்தனை இடர்களுக்கிடையிலும் இலக்குகள் விழுந்தவண்ணம் இருந்தன. 1998ஆம் ஆண்டு இலண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் இன்னிங்சில் 7, இரண்டாவதில் 9, ஆக 16 இலக்குகளை வீழ்த்தினார். அந்த ஒரு போட்டியில் அவர் வீசிய பந்துகள் 683. கையும் தோளும் ஓயாது, பொறுமையும் குன்றாது, ஐந்து நாட்களுக்குள் அத்தனை பந்துகளை வீசினார். 2007ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் நாள் கண்டியில், அவுஸ்திரேலிய வீரர் ஷேன் வோர்ன் நாட்டியிருந்த 708 இலக்குகள் என்னும் உலக எல்லையைக் கடந்தார்.

உள்நாட்டுப் போர் நிகழ்ந்த காலத்தில் அவர் இலங்கை அணியில் ஆடினார் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மலையகத் தமிழ்க் குடும்பமொன்றிலிருந்து வந்த அவரைச் சிங்களவரும் தமிழரும் முசுலிம்களும் தம்முடையவர் என்று கொண்டாடினர். மூவினத்தாரும் அடுத்தடுத்து வாழும் திருகோணமலை போன்ற மாவட்டத்தார்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இனி, அவர் விடைபெற்ற முறையைக் காண்போம். 2010ஆம் ஆண்டு யூலை மாதம் இந்திய அணி இலங்கைக்கு வந்தது. காலி நகரில் நடைபெறும் முதலாவது போட்டியுடன் டெஸ்ட் அரங்கிலிருந்து ஓய்வு பெறுவதாக முரளிதரன் முன்கூட்டியே அறிவித்தார். அப்போது அவர் பெற்றிருந்தவை 792 இலக்குகள். இன்னும் சில போட்டிகள் ஆடினால் எண்ணூறு எளிதாகக் கிட்டும். அவரோ ஒரே போட்டியுடன் முடித்துக்கொள்ளத் துணிந்தார். மழையினால் ஒரு நாள் ஆட்டம் முற்றாக நின்றது. முதல் இன்னிங்சில் 5 இலக்குகள் வீழ்ந்தன. இரண்டாவதில் இரண்டு வீழ்ந்து 799 ஆயிற்று. பின்னர் இந்தியரின் ஒன்பதாவது இலக்கு ஓட்ட முறையில் ஆட்டமிழந்தமையால், எஞ்சியது ஒன்றே ஒன்று. அதனை வேறொருவர் வீழ்த்தினால் எண்ணூறு என்பது கனவாகிவிடும். யூலை 22ஆம் நாள், பிரக்யான் ஓஜாவின் துடுப்பில் பட்ட பந்தை மகேல ஜயவர்தன கையில் ஏந்தினார். எண்ணூறு நிறைவெய்திற்று. டெஸ்ட் வாழ்வில் அவர் வீசிய கடைசிப் பந்தும் அதுவே.

ஒரு நாள் போட்டிகளிலிருந்து அவர் விடைபெற்றது 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துடன் ஆகும். மார்ச்சு 29ஆம் நாள் கெத்தாராமவில் நியூசிலாந்துடன் நிகழ்ந்த அரையிறுதி ஆட்டத்தில், தாய்மண்ணில் அவர் வீசிய இறுதிப் பந்தும் ஓர் இலக்கை வீழ்த்திற்று. இவ்வாறு இருமுறை அருமையாக விடைபெற்றவருக்கு மூன்றாம் முறை அப்பேறு கிட்டவில்லை. தொடையிலும் முழங்காலிலும் நோவுடன் ஏப்பிரல் 2ஆம் நாள் மும்பையில் இறுதிப் போட்டியில் இறங்கினார். 8 ஓவர்கள் வீசி 39 ஓட்டங்கள் கொடுத்தார். இலக்கு எதுவும் கிடைக்கவில்லை. இந்தியா கிண்ணத்தை வென்றது. நாட்டிற்காக அவர் ஆடியது அத்துடன் முடிந்தது. அடுத்த சில நாட்களிலேயே கொச்சி அணியின் ஆட்டங்கள் தொடங்கின.

கொச்சி அணி எவ்வாறு தோன்றிற்று என்பதை அறிதல் வேண்டும். 2008ஆம் ஆண்டு இந்தியப் பிரிமியர் லீக் என்னும் போட்டித் தொடர் தொடங்கப்பெற்றது. இது நாடுகளுக்கிடையிலான போட்டியன்று. நகரங்களின் பெயரால் அமைந்த அணிகளுக்கிடையிலானது. அணிகளைச் செல்வர்களும் நிறுவனங்களும் வாங்கினர். வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்பட்டனர். ஒவ்வோர் அணியும் 20 ஓவர்களே ஆடும். ஒரு பந்து வீச்சாளர் 4 ஓவர்களுக்கு மேல் வீச முடியாது. முரளிதரன் முதல் மூன்று பருவங்களிலும் சென்னை சுப்பர் கிங்ஸ் அணிக்காக ஆடினார். தமிழ் பேசும் நகரம். மனைவியின் ஊரும் அதுவே. அங்கு 40 ஆட்டங்களில் 40 இலக்குகளை வீழ்த்தினார். 2010இல் சென்னை அணி கிண்ணத்தை வென்றபோது அவர் அவ்வணியிலேயே இருந்தார். அவருக்கருகே இரவிச்சந்திரன் அசுவின் என்னும் சென்னை இளைஞர் ஒருவரும் அப்போது முன்னேறி வந்துகொண்டிருந்தார்.

2011 சனவரியில் பெங்களூரில் புதிய ஏலம் நடைபெற்றது. கொச்சி, புனே என்னும் இரு புதிய அணிகள் சேர்ந்தமையால் அணிகளின் தொகை பத்தாயிற்று. சென்னை அணி அசுவினைப் பெற்றுக்கொண்டது. முரளிதரனை 11 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்துக் கொச்சி அணி வாங்கிற்று. மலையாள நாட்டில் முதன்முறையாக அமைந்த அவ்வணிக்குக் கொச்சி டஸ்கர்ஸ் கேரளா என்று பெயர். தலைவர், எண்ணூறாவது இலக்கின் பந்தைப் பிடித்த மகேல ஜயவர்தன. நியூசிலாந்தின் பிரெண்டன் மக்கலமும், அவுஸ்திரேலியாவின் பிரட் ஹொட்ஜும், இந்தியாவின் இலட்சுமணும் சிறிசாந்தும் இரவீந்திர ஜடேஜாவும் அவ்வணியில் இடம்பெற்றனர். உலகில் மிகுந்த இலக்குகளை வீழ்த்தியவரும் அவர்களுடன் சேர்ந்தபோது, மலையாள மக்கள் பெரிதும் எதிர்பார்த்தமை வியப்பன்று.

நிகழ்ந்தது வேறு. கொச்சி அணி அப்பருவத்தில் ஆடிய ஆட்டங்கள் 14. அவற்றுள் முரளிதரன் களமிறங்கியவை 5. அவர் வீழ்த்திய இலக்குகள் 2. எஞ்சிய 9 ஆட்டங்களிலும் அவருடைய இடத்தில் வேறொருவர் ஆடினார். அணி 6 ஆட்டங்களில் வென்று 8இல் தோற்று, பத்து அணிகளுள் எட்டாவது இடத்தை அடைந்தது. சென்னையில் ஓர் ஆட்டத்துக்கு ஓர் இலக்கு என்றிருந்தவருக்குக் கொச்சியில் அதிற் பாதிகூட வாய்க்கவில்லை.

இதற்குக் காரணம் என்ன? முதுமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் எளிது. ஏப்பிரல் 17ஆம் நாள் அவருக்கு 39 வயது நிறைந்தது உண்மையே. உலகக் கிண்ணத்தின்போது உண்டான நோவுகள் ஆறுவதற்கு முன்னரே அடுத்த தொடர் தொடங்கியதும் உண்மையே. முரளிதரனின் பந்துவீச்சு முழு உடலையும் சுழற்றி, தோளையும் மணிக்கட்டையும் ஒருங்கே இயக்குவது. தொடையில் நோவிருந்தால் அச்சுழற்சியின் வலிமை குன்றும். ஆயினும் முதுமை ஒன்றே காரணமாயின் அடுத்த ஆண்டில் நிலை இன்னும் மோசமாயிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

இரண்டாவது காரணம் தொடரின் விதிகளில் இருந்தது. களமிறங்கும் 11 பேருள் வெளிநாட்டார் நால்வரே இருக்கலாம். அவ்விடங்களுள் ஒன்று அணித்தலைவர் ஜயவர்தனவுக்கு உரியது. தொடக்க ஆட்டக்காரர் மக்கலத்துக்கும் நடுவில் ஆடும் ஹொட்ஜுக்கும் இரண்டு. எஞ்சிய ஒன்றுக்கே பலர் போட்டியிட்டனர். துடுப்பாலும் பந்தாலும் ஆடவல்ல திசர பெரேரா போன்ற இளைஞர் அங்கு இருந்தனர். துடுப்பாட்டத்தில் வலுவற்ற ஒரு சுழற்பந்து வீச்சாளர், அவர் எத்துணைப் பெரியவராயினும், அந்த ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளுதல் அரிது. முரளிதரன் இலங்கை அணியில் இருந்தபோது அவரை விட்டுவிட்டு அணியைத் தெரிவது எவருக்கும் தோன்றாத செயல். கொச்சியிலோ அது நாளும் எழுந்த கேள்வி.

மூன்றாவது காரணம் கலையின் இயல்பைப் பற்றியது. இதனை ஒரு கணக்கினால் விளக்கலாம். டெஸ்ட் போட்டிகளில் முரளிதரன் வீசிய மொத்தப் பந்துகள் 44,039. வீழ்த்திய இலக்குகள் 800. அஃதாவது ஏறத்தாழ 55 பந்துகளுக்கு ஓர் இலக்கு. அவர் வெற்றியின் இரகசியம் அந்த 55 பந்துகளில் அடங்கியிருந்தது. முதல் இருபது பந்துகளில் எதிராளியின் காலசைவை அளப்பார். அடுத்த இருபதில் ஒரே இடத்திற் பந்தை விழுத்தி அவரை அசையாது நிறுத்துவார். ஐயம் முற்றிய வேளையில் வேறு திசையில் திரும்பும் பந்தை அனுப்புவார். இருபது ஓவர் ஆட்டத்தில் அவருக்குக் கிடைப்பதோ 24 பந்துகள்; அவையும் துண்டு துண்டாக. கொச்சி அணிக்காக ஐந்து ஆட்டங்களிலும் முழுமையாக வீசியிருப்பினும் அவருக்குக் கிடைத்திருக்கக் கூடியவை 120 பந்துகள் மட்டுமே. ஓவலில் ஒரே போட்டியில் அவர் வீசியவை 683 என்பதை முன்னரே கண்டோம்.

இக்கணக்கை மட்டும் காட்டி அவரை முற்றாக விடுவித்தலும் நேர்மையன்று. ஏனெனில் அதே 24 பந்துகளைக் கொண்டே சென்னையில் அவர் ஆட்டத்துக்கோர் இலக்கு வீழ்த்தினார். ஆனால் சென்னை ஓர் அமைந்த அணி. தலைவர் தோனி எவ்வேளையில் எவரை வீசச் செய்வது என்பதை மூன்றாண்டுகள் ஆடி அறிந்திருந்தார். கொச்சியோ நேற்றுப் பிறந்த அணி. தலைவரும் வீரரும் ஒருவரையொருவர் அறியுமுன் பருவம் பாதி கழிந்துவிட்டது. நீண்டகாலப் பழக்கத்தினால் விளைவதைப் பணத்தினால் ஒரே நாளில் வாங்கிவிட முடியாது. கொச்சி அணியார் ஏலத்தில் வாங்கியது முரளிதரனை. அவரை முரளிதரனாக்கிய சூழலை அவர்களால் வாங்க இயலவில்லை.

இந்நிலை அவர் ஒருவருக்கே நேர்ந்ததன்று. அமெரிக்க மக்களின் தேசிய விளையாட்டாகிய பேஸ்போலிலும் பந்தை எறிபவரே ஆட்டத்தின் உயிர். அவருள் தலைசிறந்தவர் ஒருவர் வாரன் ஸ்பான். 1942ஆம் ஆண்டு பொஸ்டன் நகரின் பிரேவ்ஸ் அணியில் தொடங்கி, இரண்டாம் உலகப் போரிற் படைவீரராகப் பணியாற்றி மீண்டு, அவ்வணி மில்வாக்கி நகருக்குப் பெயர்ந்தபோதும் அதனுடனேயே பெயர்ந்து, 1964 வரை அவ்வணியை விட்டு நீங்காதிருந்தவர். 42 வயதிலும் ஒரே பருவத்தில் 23 ஆட்டங்களை வென்று கொடுத்தார். அடுத்த ஆண்டில் அவர் ஆற்றல் தளரவே, அணி அவரை நியூயோர்க் மெற்ஸ் என்னும் அணிக்கு விற்றது. மெற்ஸ் அணி அந்நாளில் தோல்விக்குப் பேர்போனது. 1965ஆம் பருவத்தில் மட்டும் 112 ஆட்டங்களில் தோற்றது. அங்கு ஸ்பான் 4 வெற்றிகளும் 12 தோல்விகளும் பெற்று, பருவம் முடியுமுன்னரே விலக்கப்பட்டார். அதன் பின்னரும் சான் பிரான்சிஸ்கோ சென்று ஆடினார். பின்பு சிற்றணிகளிலும் ஆடினார். எனினும் அவர் பெற்ற மொத்த வெற்றிகள் 363. 1973இல் அமெரிக்கர் அவரைத் தங்கள் புகழ்மண்டபத்தில் ஏற்றுக்கொண்டனர். மெற்ஸ் அணியிற் கழிந்த மாதங்கள் அதற்குத் தடையாகவில்லை.

இங்கிலாந்தின் பிரெட் ட்ரூமன் இன்னொரு சான்று. 1964இல், டெஸ்ட் அரங்கில் 300 இலக்குகளை வீழ்த்திய முதல் வீரர் என்னும் பெருமையை அவர் பெற்றார். யோர்க்சயர் மாகாணத்தின் உயிர்ப்பந்து வீச்சாளராக விளங்கி 1968இல் ஓய்வு பெற்றவர், நான்கு ஆண்டுகள் கழித்து, 41 வயதில், டார்பிசயர் அணிக்காகச் சில குறுகிய ஆட்டங்களில் பந்து வீச வந்தார். பழைய வேகத்தை எவரும் அங்குக் காணவில்லை. ஆயினும் இன்று ட்ரூமனின் பெயரைக் கேட்பவர் நினைப்பது யோர்க்சயரையேயன்றி டார்பிசயரையன்று.

முடிவெய்தியவர் ஏன் மீண்டும் வருகின்றனர்? பணத்தின் பொருட்டு என்று சிலர் கூறுவர். பணத்துக்குப் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஸ்பான் சிற்றணிகளுக்குச் சென்றதைப் பணம் விளக்காது. வாழ்வின் முப்பதாண்டுகளை ஒரு செயலிற் செலவிட்டவர்க்கு அச்செயல் தொழிலாக மட்டும் இருப்பதில்லை. அது மூச்சைப் போன்றதாகிவிடுகிறது. கால்மேற் கால்போட்டுத் தம் பழம்புகழைப் பேசிக்கொண்டிருத்தல் அத்தகையோர்க்கு இயலாது. காலியில் ஒரே ஒரு போட்டியுடன் முடித்துக்கொண்ட அதே முரளிதரன், நாட்டின் பாரத்தை இறக்கி வைத்த பின்னரும் பந்தை இறக்கி வைக்கவில்லை.

கொச்சியின் கதை விரைவில் முடிந்தது. வங்கிப் பிணைத் தொகையைச் செலுத்தத் தவறியமையால், 2011 செத்தெம்பரில் இந்தியத் துடுப்பாட்டச் சபை அவ்வணியின் உரிமையை நீக்கிற்று. ஒரே பருவத்துடன் அணி மறைந்தது. வீரர் அனைவரும் மீண்டும் ஏலத்துக்கு வந்தனர். முரளிதரனைப் பெங்களூர் அணி பெற்றது. 40 வயதை எட்டிய அந்த 2012ஆம் ஆண்டில், 10 ஆட்டங்களில் 15 இலக்குகளை அவர் வீழ்த்தினார். கொச்சியில் இரண்டுடன் நின்ற அதே கை, ஓராண்டு கழிந்த பின், ஓய்வு பெற்ற உடலுடனும், தன்னைப் பயன்படுத்த அறிந்த அணியுடனும் சேர்ந்தபோது இவ்வாறு செய்தது. 2014 வரை அவர் பெங்களூர் அணியில் இருந்தார். பின்னர்ப் பயிற்சியாளராகி, இளைஞருக்குத் தம் கலையைக் கற்பித்தார். 2016இல் உலகத் துடுப்பாட்டச் சபை அவரைப் புகழ்மண்டபத்திற் சேர்த்தது. அப்பெருமையைப் பெற்ற முதல் இலங்கையர் அவரே.

கொச்சிப் பருவத்தை அவர் வரலாற்றிலிருந்து நீக்கிவிட வேண்டியதில்லை. அதனை மறைத்தால் அவர் வாழ்க்கை சிற்பியின் கைப்பட்ட சிலையைப் போல் மாசற்றுத் தோன்றும். மனிதர் வாழ்க்கையாகத் தோன்றாது. மெல்பேணில் இலட்சம் கண்கள் முன்னிலையில் எறிகிறார் எனப் பழிக்கப்பட்ட போதும், கொச்சியில் அணிக்கு வெளியே அமர்ந்து இளைஞர் ஆடுவதைப் பார்த்திருந்த போதும், அவர் பந்து வீசுவதை விட்டுவிடவில்லை. முதலாவது சோதனையில் அவர் எதிர்த்து நின்றது பிறர் கூற்றை. இரண்டாவதில் எதிர்கொண்டது தம் உடலின் தளர்ச்சியையும், தாம் தேவைப்படாத நாட்களையும். முன்னையதில் ஊரே துணைக்கு வந்தது. பின்னையதில் எவரும் கூட நிற்பதில்லை. ஆதலின் பின்னையதே கடினமானது எனலாம்.

திருகோணமலையில் ஏகாம்பரம் மைதானத்திலும் மெக்கெய்சர் விளையாட்டரங்கிலும், கடலோர மணலிலும், மாலை வேளைகளில் சிறுவர் பந்து வீசுகின்றனர். அவர்களுள் ஒருவன் மணிக்கட்டை வளைத்துக் கண்களை அகல விரித்து வீசுவானாயின், அவன் யாரைப் பார்த்துக் கற்றான் என்பதைக் கேட்க வேண்டியதில்லை. எண்ணூறு என்னும் எண் அவன் நெஞ்சில் இருக்கும். கொச்சியில் வீழ்ந்த இரண்டும் அதன் அருகே இருத்தல் நல்லது. நாளை ஒரு நாள் அவனை அணியிற் சேர்க்காது விடும்போது, உலகில் மிகுந்த இலக்குகளை வீழ்த்தியவரும் ஒரு பருவத்தில் ஒன்பது ஆட்டங்கள் வெளியே அமர்ந்திருந்தார், மறு ஆண்டு மீண்டும் வந்து வீசினார் என்பதை அவன் அறிந்திருப்பான்.